கீசரில் விளக்கு எரிகிறது, தண்ணீர் மட்டும் சூடாகவில்லை. சர்வீஸ் ஆள் புதியது வாங்கச் சொல்கிறார். வாங்கித்தான் ஆக வேண்டுமா?

அவர் கீசரின் மூடியைக் கழற்றிப் பார்த்தாரா? கையில் மின்தடையை அளந்து பார்க்கும் மல்டிமீட்டர் இருந்ததா? இரண்டும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள்.

இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. மேடவாக்கம் பக்கம் வாடகை வீடு. போர் தண்ணீர், அது வற்றினால் லாரித் தண்ணீர். போன மார்கழியில் எங்கள் 15 லிட்டர் கீசர் இதே வேலையைக் காட்டியது. சிவப்பு விளக்கு எரியும், அரை மணி நேரம் கழித்துத் திறந்தாலும் பச்சைத் தண்ணீர்தான். மாமியாருக்கு முழங்கால் வலி, வெந்நீர் இல்லாமல் அவரால் குளிக்க முடியாது. கம்பெனிக்குப் போன் செய்தேன். வந்த பையன் வாசலிலேயே கேட்ட முதல் கேள்வி, "சார் வீட்ல இல்லையா மேடம்?"

என்னிடம் சொல்லுங்கள் என்றேன். கீசரை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். "காயில் போச்சு மேடம், டேங்க் ஃபுல்லா உப்பு. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கு, சார் வந்ததும் கால் பண்ணச் சொல்லுங்க." காயில், அதாவது தண்ணீரைச் சூடாக்கும் கம்பிச்சுருள், எத்தனை ஓம் மின்தடை காட்டுகிறது என்று கேட்டேன். பதில் இல்லை. மல்டிமீட்டரே கொண்டு வரவில்லை. விசிட்டிங் சார்ஜை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு மேலே யாரோ டார்கெட் வைத்திருப்பார்கள். ஆனால் அளக்காமல் ஒரு பொருளைச் செத்துப்போனது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. என் மாணவி லேபில் அப்படி எழுதிக் கொடுத்தால் நோட்டைத் திருப்பிக் கொடுப்பேன்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எதையும் கழற்றும் முன் மின்சார மீட்டரிடம் போங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். எங்கள் மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 3200 முறை. இந்த எண் மீட்டர் மேலேயே அச்சிட்டிருக்கும். வீட்டில் ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கீசரை மட்டும் போடுங்கள். 2000 வாட் காயில் வேலை செய்தால், இந்தக் கணக்குப்படி ஒரு நொடிக்கு ஏறக்குறைய இரண்டு முறை மினுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது அசையவே இல்லை. அதாவது காயிலுக்குக் கரண்டே போகவில்லை. பல கீசர்களில் சிவப்பு விளக்கு ஸ்விட்ச் போட்டதைத்தான் காட்டும், தண்ணீர் சூடாவதை அல்ல.

மீட்டர் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களுக்கு இருப்பது ஹவுஸ் ஓனரின் இணைப்பிலிருந்து பிரித்து வைத்த சப் மீட்டர். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்குக் குறிப்பிட்ட யூனிட் இலவசம் என்பது ஊரறிந்தது. அந்த இலவசம் எங்களை மாதிரி குடித்தனக்காரர்களில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? ஹவுஸ் ஓனர் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே ரேட் போட்டு வாங்குகிறார். கேட்டால், இஷ்டமில்லை என்றால் வேறு வீடு பாருங்கள் என்கிறார். கீசர் அவருடையது, ரிப்பேர் மட்டும் என்னுடையதாம்.

அப்புறம், மினுக்கம் சரியாக இருந்தும் குழாயில் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்றால் கீசரைச் சந்தேகிக்காதீர்கள். கீசரிலிருந்து இறங்கும் வெந்நீர்ப் பைப்பைத் தொட்டும் தொடாமலும் பாருங்கள். அது சுட்டால், ஷவர் மிக்ஸரின் உள்ளே குளிர்நீர் வெந்நீர்ப் பக்கம் கலக்கிறது. அதற்கு வர வேண்டியது பிளம்பர்.

எங்கள் வீட்டில் மெயினை அணைத்து, டெஸ்டரால் சரிபார்த்துவிட்டு, கீசரின் அடி மூடியை நானே கழற்றினேன். கருகிய பிளாஸ்டிக் வாடை குப்பென்று அடித்தது. தண்ணீர் போதிய அளவு சூடானதும் கரண்டைத் துண்டிக்கும் தெர்மோஸ்டாட்டில் ஒயர் மாட்டும் முனை கறுத்துப்போய், ஒயரின் மேலுறை உருகிச் சுருங்கியிருந்தது. ஒயர்களை விடுவித்துக் காயிலின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தேன். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 26 ஓம் சொச்சம் வர வேண்டும், அதுவே வந்தது. காயிலுக்கும் டேங்கின் உலோகத்துக்கும் இடையே தொடர்பு எதுவும் காட்டவில்லை. காட்டியிருந்தால் காயிலிலிருந்து கரண்ட் கசிகிறது, ஷாக் அடிக்கும் என்று அர்த்தம். ஆக, செத்துப்போனதாகச் சொன்ன காயில் நன்றாகவே இருந்தது. லூஸ் கனெக்‌ஷன் சூடேறித் தெர்மோஸ்டாட்டைத் தின்றுவிட்டது. கிட்டத்தட்ட 9 ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒயர் பிடிப்பு தளர்ந்தால் இதுதான் நடக்கும்.

தெர்மோஸ்டாட் மாற்ற எங்கள் தெரு எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். அந்தப் பெரியவர் ஏணியில் ஏறும் முன் கேட்டது, "டீச்சர், மெயினை ஆஃப் பண்ணிட்டீங்கள்ல?" அந்த ஒரு கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கருகிய ஒயரை வெட்டி, ஒயர் முனையில் மாட்டும் உலோக லக் ஒன்றைப் புதிதாகப் போட்டு இறுக்கினார். கையோடு தண்ணீரை வடித்துக் காயிலையும் வெளியே எடுத்தார். உப்பு விஷயத்தில் அந்தப் பையன் சொன்னது உண்மைதான். கம்பியே தெரியாமல் சுண்ணாம்பு மொத்தமாக அப்பியிருந்தது, டேங்கின் அடியிலிருந்து சில்லுசில்லாக வந்து விழுந்தது. எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைசலில் ஊறவைத்ததும் நுரைத்துக் கழன்றது. டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்து வெறும் குச்சியாக நின்றது. அதையும், காயிலின் ரப்பர் வாஷரையும் புதிதாகப் போட்டார். கூலியோடு சேர்த்தாலும் புதுக் கீசர் விலையில் கால்வாசி ஆகவில்லை. அன்று சாயங்காலமே மாமியார் வெந்நீரில் குளித்தார்.

பொம்பளைகளைக் கரண்டில் கைவைக்கச் சொல்கிறாயா என்று கீழே யாராவது கேட்கக்கூடும். நான் யாரையும் கைவைக்கச் சொல்லவில்லை. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியாதவர் ஆணானாலும் பெண்ணானாலும் மூடியைத் தொடக் கூடாது. மீட்டர் விளக்கைப் பார்ப்பதற்கும், வருகிற ஆளிடம் "அளந்து காட்டுங்கள்" என்று கேட்பதற்கும் யாரும் எலக்ட்ரீசியனாக இருக்க வேண்டியதில்லை. எல்லாக் கம்பெனி ஆட்களும் இப்படித்தான் என்றும் நான் சொல்லவில்லை.

ஸ்விட்ச் போட்டதும் கரண்டைத் தானாகத் துண்டிக்கும் டிரிப்பர் விழுகிறது என்றால் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள், காயிலிலிருந்து கரண்ட் கசிந்திருக்கலாம். டேங்கே ஓட்டையாகிச் சொட்டினால் மட்டும் புதிது வாங்குங்கள், அதை ஒட்டுப்போட முடியாது. ரிப்பேர் முடிந்ததும் வெந்நீர்க் குழாயில் தண்ணீர் ஒரே சீராகக் கொட்டிய பிறகே ஸ்விட்ச் போட வேண்டும். காலி டேங்கில் போட்டால் நல்ல காயிலும் கருகிவிடும்.