வானிலைத் தகவலைச் சாலை, ரயில், விமானம், கப்பல் போக்குவரத்தில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்? முன்னறிவிப்பை ஒரு செயலியில் காட்டினால் போதாதா?

போதாது. 'சென்னையில் நாளை கனமழை' என்பது பொதுமக்களுக்கான செய்தி. பேருந்தையோ ரயிலையோ இயக்குபவருக்கு அதில் உதவும் எண் எதுவும் இல்லை. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. வரை பெய்தால் கனமழை. அப்படி 70 மி.மீ. மழை நாள் முழுக்கத் தூறலாக விழுந்தால் ஒரு பேருந்தும் நிற்காது. ஒரே மணி நேரத்தில் கொட்டினால் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும். எனவே எதை அளப்பது, எந்த இடத்தில் அளப்பது, எந்த எண்ணைத் தாண்டினால் யார் என்ன செய்வது என்ற மூன்றையும் மழைக்காலத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் விடை ஒவ்வொரு போக்குவரத்துக்கும் வேறு.

இதைச் சரியாகச் செய்வது விமானத்துறைதான். மூடுபனியில் அவர்கள் பார்ப்பது ஊரின் பார்வைத் தூரத்தை அல்ல, ஓடுபாதைப் பார்வைத் தூரத்தை, அதாவது ஆர்.வி.ஆர். எண்ணை. ஓடுபாதையின் தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் கருவி இருக்கும். கருவி உதவியோடு இறங்குவதை 'கேட்' (கேட்டகரி) என்று வகை பிரிக்கிறார்கள்: கேட் 1 தரையிறக்கத்துக்கு 550 மீட்டர், கேட் 2-க்கு 300 மீட்டர் வேண்டும். டெல்லியில் உள்ள கேட் 3-பி வசதிக்கு 50 மீட்டர் போதும். ஆனால் ஓடுபாதை, விமானம், விமானி மூன்றுமே அந்தத் தகுதியில் இருக்க வேண்டும். ஒரே பனியில் ஒரு விமானம் இறங்குவதும் அடுத்தது ஜெய்ப்பூருக்குத் திருப்பிவிடப்படுவதும் இதனால்தான்.

கருவியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. டிரான்ஸ்மிசோமீட்டர் ஒரு கம்பத்திலிருந்து ஒளியை அனுப்பி, எதிர்க் கம்பத்தில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று பார்க்கும். கண்ணாடியில் அழுக்குப் படிந்தால் பார்வைத் தூரத்தைக் குறைத்துக் காட்டும், அது பாதுகாப்பான பிழை. சாலையோரங்களில் வைக்கும் மலிவான ஒளிச்சிதறல் சென்சார், பனி சிதறடிக்கும் ஒளியை அளப்பதால், இதற்கு நேர்மாறு. அழுக்குப் படிந்தால் சிதறி வரும் ஒளி குறையும், 'நன்றாகத் தெரிகிறது' என்று பொய் சொல்லும். சிலந்தி வலை பின்னினாலோ இல்லாத பனியைக் காட்டும். நெடுஞ்சாலைக்கு இதை வாங்குகிறவர்கள் துடைக்கும் ஆளுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். பெரும்பாலும் ஒதுக்குவதில்லை.

ரயிலில் காற்றும் வெள்ளமும்தான் முக்கியம். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும்படி அமைத்திருந்தார்கள். யாரும் போன் செய்து கேட்டு முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் ஒரு ரயிலே கடலில் போன வரலாறு அந்தத் தடத்துக்கு உண்டு. கொங்கண் ரயில்வே, பன்வல் உயர்பாலத்திலும் மாண்டவி, சுவாரி, சராவதி பாலங்களிலும் காற்றுமானி வைத்திருக்கிறது. காளி, சாவித்திரி, வசிஷ்டி ஆற்றுப் பாலங்களில் இருப்பது நீர்மட்ட எச்சரிக்கைக் கருவி. மழையில் பார்வை மங்கினால் ஓட்டுநர் மணிக்கு 40 கி.மீ.க்குக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அங்கே விதி. வட இந்தியப் பனியில் ஜி.பி.எஸ். மூலம் அடுத்த சிக்னல் வருவதை முன்கூட்டியே சொல்லும் கருவி லோகோ பைலட் கையில் இருந்தால் 75 கி.மீ. வரை போகலாம், இல்லாவிட்டால் 60தான்.

பாலத்தில் காற்றுமானி வைக்கும்போது கடல் உப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும். சுழலும் கிண்ணக் காற்றுமானியின் பேரிங் அரித்தால் அது மெதுவாகச் சுற்றும், வேகத்தைக் குறைத்துக் காட்டும். இதுவும் ஆபத்தான பக்கப் பிழை. அசையும் பாகம் இல்லாத, ஒலியலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் வகையே அங்கே நல்லது. சராசரி வேகத்தோடு திடீர் வீச்சின் வேகத்தையும் தனியாகப் பதிய வேண்டும்.

சாலைக்கு நல்ல பாடம் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஐ-75 நெடுஞ்சாலையில் இருக்கிறது. 1990 டிசம்பர் 11 அன்று மூடுபனியில் 99 வாகனங்கள் மோதி 12 பேர் இறந்தனர். அதன் பிறகு அமைத்த முறையில், பார்வைத் தூரம் சுமார் 400 மீட்டருக்குக் கீழே போனால் வேக வரம்பு 50 மைல், சுமார் 146 மீட்டருக்குக் கீழே 35 மைல், 73 மீட்டருக்குக் கீழே சாலையே மூடல். நம் யமுனா விரைவுச்சாலையில் டிசம்பர் 15 முதல் பிப்ரவரி 15 வரை கார்களுக்கு 100-ஐ 75 கி.மீ.யாகக் குறைக்கிறார்கள். இது நாள்காட்டியை நம்பும் முறை. பனியே இல்லாத மதியத்திலும் 75 என்று பலகை சொன்னால், அடர்பனி நாளில் அந்தப் பலகையை யார் மதிப்பார்கள்?

சென்னை போன்ற ஊருக்குப் பனியைவிடச் சுரங்கப்பாதைதான் பிரச்சினை. அங்கே மழைமானி மட்டும் வைத்துப் பயனில்லை, நீர்மட்டத்தை அளக்க வேண்டும். தண்ணீரில் மூழ்கும் அழுத்த சென்சாரைச் சேறு அடைக்கும். அல்ட்ராசோனிக், மிதக்கும் தெர்மாகோலைத் தண்ணீர்மட்டம் என்று எண்ணும். மேலிருந்து பார்க்கும் ரேடார் சென்சாரும் ஒரு கேமராவும் சேர்ந்தால் நம்பலாம். 15 செ.மீ. தண்ணீரே பல கார்களின் அடிப்பகுதியைத் தொடும், 30 செ.மீ. சிறிய கார்களை மிதக்க வைக்கும். எனவே 15 செ.மீ.யில் மூடி, 5 செ.மீ.க்குக் கீழே இறங்கி கால் மணி நேரம் அப்படியே நின்ற பிறகு திறக்கலாம் என்பது என் பரிந்துரை. மூடவும் திறக்கவும் ஒரே எண்ணை வைத்தால், அலை தட்டும்போதெல்லாம் பலகை மாறி மாறி எரியும். மின்சாரம் போகும் நேரத்தில்தான் இந்தக் கருவி தேவைப்படும் என்பதால் பேட்டரியும் இரண்டு சிம் கார்டும் கட்டாயம்.

வரைபடச் செயலிகளை இங்கே கண்ணை மூடி நம்பக் கூடாது. மூழ்கிய பாதையில் வண்டியே ஓடாதபோது அந்த இடத்திலிருந்து வேகத் தரவு வராது. பழைய சராசரியை எடுத்து அதைப் பச்சையாகக் காட்டும் வாய்ப்பு உண்டு. மூடல் செய்தியைக் காவல்துறை தனியாக ஊட்டியாக வேண்டும். பொதுவாகவே தரவு வராவிட்டால் அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்வதுதான் சரி.

கடலில் பழைய ஏற்பாடே தெளிவானது. துறைமுகத்தில் ஏற்றும் 1 முதல் 11 வரையிலான புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பொருள் உண்டு, 10-ம் எண் பெரிய ஆபத்து, 11-ம் எண் தகவல் தொடர்பே அற்றுப்போனது. அலை உயரத்துக்கு ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும். காற்று அடங்கியிருந்தாலும் தொலைவிலிருந்து வரும் கள்ளக்கடல் அலை படகைக் கவிழ்க்கும்.

இவற்றை ஒரே திரையில் இணைப்பதுதான் கடினம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். சென்னை விமான நிலைய ஓடுபாதை மூடப்பட்டது, பேசின் பிரிட்ஜ் - வியாசர்பாடி இடையே 14-ம் எண் பாலத்தில் நீர் ஏறியதால் சென்ட்ரல் ரயில்கள் நின்றன, மெட்ரோ ஓடியது. ஆனால் ரயில் ஓடினாலும் நிலைய வாசலில் தண்ணீர் நின்றால் பயணிக்கு அது ஓடாத ரயில்தான். பரங்கிமலை நிலையத்தில் அதுதான் நடந்தது. வழித்தடத்தோடு நிலைய நுழைவாயிலையும் தனிப் புள்ளியாகத் தரவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தரவை இணைப்பவர்களுக்கு இன்னொன்று: விமான நிலையத்தின் மெட்டார் என்ற வானிலை அறிக்கை உலகப் பொதுநேரத்தில் வரும், சாலை சென்சார் இந்திய நேரத்தில் எழுதும். ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால், மதியம் பெய்யும் மழையைக் காலையில் பெய்து ஓய்ந்தது என்று எண்ணிச் சாலையைத் திறந்தே வைத்திருப்பீர்கள்.