கிரியாட்டினின் சரியாக இருக்கும்போது ஊசிச் சோதனை எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. மூன்று மாதங்களாக மூட்டுவலியும் விட்டுவிட்டுக் காய்ச்சலும் இருந்தன. கன்னங்கள் சிவந்து தடித்த பிறகு பரிசோதித்து, லூபஸ் என்றார்கள். இப்போது சிறுநீரில் புரதம் போவதால், சிறுநீரகத்தில் ஊசி செலுத்திச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் மருத்துவர். கிரியாட்டினின் 0.6தான். இந்தச் சோதனையைத் தவிர்க்க முடியாதா?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: அம்மா, உங்கள் அச்சம் புரிகிறது, ஆனால் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவுப் பொருளான கிரியாட்டினினின் இரத்த அளவை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். சிறுநீரகம் கணிசமாகப் பழுதான பின்புதான் அது உயரத் தொடங்கும். உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்கும் நோயான லூபஸ், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் சிறுநீரகத்தையே அதிகம் தாக்குகிறது; பெரும்பாலும் நோய் தொடங்கிய இரண்டு ஆண்டுகளுக்குள், வலி எதுவும் காட்டாமல்.

காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரைத்தான் சோதனைக்குக் கொடுத்தீர்களா என்று பாருங்கள். வளரும் பிள்ளைகள் சிலருக்கு நின்று நடமாடும்போது மட்டும் புரதம் கசியும், அது நோயன்று. காலைச் சிறுநீரிலும் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் 0.5க்கு மேல் நீடித்தால், திசுப் பரிசோதனை தேவை என்பதே பொதுவான மருத்துவ வழக்கம். சிறுநீரில் சிவப்பணுக்கள் தென்படுவதும், இரத்தத்தில் சி3, சி4 என்ற நோயெதிர்ப்புப் புரதங்கள் இரண்டும் குறைந்து டி.என்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள் கூடியிருப்பதும் சந்தேகத்தை வலுப்படுத்தும்.

இவையெல்லாம் பாதிப்பு இருப்பதைச் சொல்லுமே தவிர, எந்த வகை என்று சொல்லமாட்டா. லூபஸ் சிறுநீரகப் பாதிப்பை ஆறு வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு ஸ்டீராய்டுடன் நோயெதிர்ப்பை அடக்கும் வலுவான மருந்துகளும் உடனே வேண்டும். இரண்டாம் வகுப்புக்குப் பெரும்பாலும் அவ்வளவு தேவைப்படாது. குறைவாகக் கொடுத்தால் சிறுநீரகம் போகும், தேவையின்றிக் கொடுத்தால் தொற்று வரும் என்பதால், ஊகித்து மருந்து கொடுப்பதை நான் ஏற்பதில்லை.

குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, தூக்க மருந்தும் மரப்பு ஊசியும் கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபடியே நூலிழை போன்ற மெல்லிய துணுக்கை எடுப்பார்கள். பிறகு பல மணி நேரம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை கழிக்கும் சிறுநீரின் நிறத்தையும் செவிலியர் பார்ப்பார். இரத்தக்கசிவே முக்கிய ஆபத்து; பெரும்பாலும் அது தானாக நின்றுவிடும். அதற்காகவே இரத்த அழுத்தம், தட்டணு எண்ணிக்கை, இரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றை முன்கூட்டியே பார்ப்பார்கள். மகள் ஆஸ்பிரின் அல்லது வேறு வலி மாத்திரை எடுத்துக்கொண்டால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வீடு திரும்பியபின் ஓரிரு வாரம் ஓட்டமும் குதிப்பும் கூடாது. சிறுநீர் சிவந்தால் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிடுங்கள்.