வாசகர் கேள்வி-பதில்: ரோம்ல கல்யாணம்னா என்ன பாடுவாங்க?

கேள்வி: போன மாசம் எங்க வீட்டு கல்யாணத்துல நலங்கு அன்னிக்கு பெரியம்மாவும் அத்தையும் சேர்ந்து மாப்பிள்ளைய கிண்டல் பண்ணி பாடித் தள்ளிட்டாங்க. ரோம் மாதிரி பழைய ஊர்கள்லயும் இப்படி உண்டா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உண்டும்மா, இன்னும் காரமாவே உண்டு. ரோம்ல பொழுது சாய்ஞ்சதுக்கு அப்புறம்தான் பொண்ண மாப்பிள்ளை வீட்டுக்கு தீப்பந்தம் பிடிச்சு ஊர்வலமா கூட்டிட்டுப் போவாங்க, தலையில நெருப்பு நிறத்துல முக்காடு, சின்னப் பசங்களுக்கு கொட்டைகள வாரி எறைப்பாங்க, கூட வர்றவங்க வழி முழுக்க பச்சையா கேலி பண்ணி பாடிட்டே வருவாங்க. ஃபெசென்னைன் பாட்டுன்னு பேரு. கண்ணு படாம இருக்கத்தான் இப்படி பாடுறதுன்னு அந்தக் காலத்துலயே ஒரு விளக்கம் இருந்திருக்கு, அதாவது திருஷ்டி கழிக்கிறது!

ஆனா கேலி மட்டும் இல்ல. கி.மு. முதல் நூற்றாண்டுல கட்டுல்லஸ்னு ஒரு கவிஞர், வெரோனாக்காரர், முப்பது வயசு போலதான் வாழ்ந்தார், அவர் எழுதின நீளமான ஒரு கல்யாணப் பாட்டுல எனக்கு ரொம்பப் பிடிச்ச எடம் ஒண்ணு இருக்கு. அம்மா மடியில இருந்து ஒரு குட்டிப் பையன் கைய நீட்டி, வாய லேசா திறந்து அப்பாவப் பார்த்து சிரிக்கணும்னு வாழ்த்துறார். படிச்சதும் மனசு உருகிடும். அடுத்த வரியிலயே அந்தப் பிள்ளை அப்பா ஜாடையில இருக்கணும், அதுவே அம்மாவோட கற்புக்கு சாட்சின்னும் சொல்லிடுறார். வம்சம், வாரிசு, பேரு, இதுக்குத்தான் அங்க கல்யாணம்ங்கறது அந்தப் பாட்டுலயே இருக்கு.

அவரோட இன்னொரு பாட்டு பசங்களும் பொண்ணுங்களும் எதிரெதிரா நின்னு பாடுறது. சாயங்கால நட்சத்திரத்தப் பார்த்து, அம்மா அணைப்புல இருக்கிற மகள பிச்சு எடுத்துக் கொடுக்கிறியே, உன்னை விட கொடுமையான நட்சத்திரம் உண்டான்னு பொண்ணுங்க அழுவாங்க. யாரும் தொடாத பூ மாதிரி நாங்கன்னு அவங்க பாடினா, மரத்துல படராத திராட்சைக் கொடி தரையிலதான் கெடக்கும்னு பசங்க பதில் பாடுவாங்க. கடைசில ஒரு கணக்கு வருது பாருங்க, உன் கன்னிமை முழுசா உன்னோடது இல்ல, மூணுல ஒரு பங்கு அப்பாவோடது, ஒரு பங்கு அம்மாவோடது, ஒரு பங்குதான் உன்னோடது, அவங்க ரெண்டு பேரும் தங்களோட உரிமைய சீரோட சேர்த்து மருமகனுக்குக் கொடுத்துட்டாங்க, நீ எதுத்துப் பேசாதேன்னு. பூ, கொடின்னு அத்தனை அழகா போயிட்டிருந்த பாட்டு சொத்துப் பிரிக்கிற கணக்குல போய் முடியறது எனக்கு இன்னும் வலிக்குது.

கேள்வி: அப்ப காதலிச்சுப் பாடின பாட்டே இல்லையா சார்?
- வாசகர், திண்டுக்கல்

பதில்: இருக்கு, ஆனா நெறைய கல்யாணத்துக்கு வெளியில. இதே கட்டுல்லஸ் லெஸ்பியான்னு புனைபெயர் வெச்சுப் பாடின பொண்ணு இன்னொருத்தர் மனைவி. ஆயிரம் முத்தம், அப்புறம் நூறு, மறுபடி ஆயிரம்னு போவார், மனசு உடைஞ்சப்ப வெறுக்கிறேன், நேசிக்கவும் செய்யறேன்னு ரெண்டே வரில முடிச்சுடுவார். ஒரு பாட்டுல அவகிட்ட, சாதாரணமா ஒருத்தன் காதலிய விரும்புற மாதிரி இல்ல, ஒரு அப்பா தன் பிள்ளைங்களயும் மாப்பிள்ளைங்களயும் நேசிக்கிற மாதிரி உன்னை நேசிச்சேன்னு சொல்றார். காதலிகிட்ட போய் மாப்பிள்ளைன்னு யாராவது சொல்வாங்களா? ஆழமான பாசத்துக்கு ரோம்காரங்க கைவசம் இருந்ததே குடும்பத்து வார்த்தைதான்னு நான் நினைக்கறேன், மனசுல இருக்கறத சொல்ல வேற வழி தெரியாம அதையே எடுத்துக்கிட்டார்.

கேள்வி: எல்லாம் ஆம்பளைங்க பாடினதாவே இருக்கே?
- வாசகி, ஈரோடு

பதில்: சரியான கேள்வி. ரோமோட முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துல சுல்பிசியான்னு ஒருத்தி எழுதியிருக்கா, டிபுல்லஸ்ங்கற கவிஞர் பேருல இருக்கிற தொகுப்புக்குள்ள அவ பாட்டும் கிடைச்சுது. பிறந்தநாள் அதுவுமா காதலன் செரிந்தஸ் இல்லாத கிராமத்துக்கு தன்னைக் கூட்டிட்டுப் போறாங்களேன்னு கோவிச்சுக்கறா. இன்னொரு பாட்டுல, ஒருவழியா காதல் வந்துடுச்சு, இத வெளிய சொல்றத விட மூடி மறைக்கறதுதான் எனக்கு வெக்கம்னு தைரியமா சொல்றா. மொத்தம் 6 பாட்டு, 40 வரிதான், தேடிப் படிங்க.