பத்தாவது ‘டைரக்ட்’டாகக் கிடைக்குமா? பள்ளியை விட்ட 15 வயது மகனுக்கு என்ன வழி?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. தனியார் மெட்ரிக் பள்ளியில் 9ஆம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவன், பொங்கல் விடுமுறைக்குப் பிறகு போகமாட்டேன் என்று நின்றுவிட்டான். இப்போது செல்போன் சர்வீஸ் கடையில் வேலைக்குப் போகிறான். கட்டண பாக்கியைக் கட்டினால்தான் டி.சி. தருவோம் என்கிறது பள்ளி. ஒரு டுடோரியல்காரர், “22 ஆயிரம் கட்டுங்க, டைரக்டா டென்த், அடுத்த வருஷமே பிளஸ் டூ” என்கிறார். பணத்தைப் புரட்டி வைத்திருக்கிறேன். கட்டலாமா? அவனைத் திரும்பப் படிக்க வைக்க வேறு வழி இருக்கிறதா?

பதில்: கட்டாதீர்கள். புரட்டிய பணத்தை வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு மேலே படியுங்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை எந்த டுடோரியலும் தர முடியாது. தமிழ்நாட்டில் அதைத் தருவது அரசுத் தேர்வுகள் இயக்ககம். பள்ளிக்குப் போகாதவர்கள் அங்கேயே தனித்தேர்வராக எழுதலாம். இன்னொரு வழி, ஒன்றிய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம், என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். உங்களிடம் பேசியவர் இந்த இரண்டாவதில் பையன் பெயரைப் பதியப்போகிறார், அல்லது யாரும் கேள்விப்படாத ஏதோ ஒரு ‘போர்டு’ சான்றிதழை அச்சடித்துத் தரப்போகிறார்.

என்.ஐ.ஓ.எஸ்.ஸில் பதிந்தால் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். விண்ணப்பம் ஆன்லைனில். நிரப்புகிறவர் அவர். செல்போன் எண், மின்னஞ்சல் என்று வரும் இரண்டு கட்டங்களிலும் தன்னுடையதைப் போட்டுக்கொள்வார். அதன்பிறகு ஓ.டி.பி., ஹால் டிக்கெட், ரிசல்ட் எல்லாம் அவருக்குத்தான் வரும். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ‘சென்டர் செலவு’ என்று இன்னொரு தொகை கேட்பார்; கொடுக்காமல் என்ன செய்வீர்கள்? வீட்டில் எழுதி அனுப்ப வேண்டிய ஒப்படைவுகளுக்கு என்.ஐ.ஓ.எஸ்.ஸில் 20 சதவீத மதிப்பெண் உண்டு. அதையும் ஆள் வைத்து எழுதிவிடுவார்கள். பையன் பேனாவைத் தொடாமலேயே தேர்வு அறைக்குப் போய் உட்காருவான், வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வருவான். அப்புறம் ‘அடுத்த அட்டெம்ப்ட்’ கட்டணம். ‘அடுத்த வருஷமே பிளஸ் டூ’ என்பது சுத்தப் பொய். பத்தாவது தேறியதற்கும் 12ஆம் வகுப்புச் சான்றிதழுக்கும் நடுவில் 2 ஆண்டு இடைவெளி வேண்டும் என்பது என்.ஐ.ஓ.எஸ். விதி.

கேள்விப்படாத ‘போர்டு’ சான்றிதழ் இதைவிட மோசம். பெயரில் ‘தேசிய’, ‘கவுன்சில்’, ‘ஓப்பன்’ எல்லாம் இருக்கும், ஹாலோகிராம்கூட இருக்கும். போலீஸ் வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ கொடுக்கும்போதுதான் அது செல்லாது என்று தெரியும். யார் எந்தப் பெயரைச் சொன்னாலும், அது இந்தியப் பள்ளிக் கல்வி வாரியங்களின் மன்றமான காப்சேயின் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறதா என்று இணையத்தில் பாருங்கள். இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். எந்த நிலையிலும் அசல் டி.சி., பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எதையும் ஒரு டுடோரியலில் ‘வச்சுட்டுப் போங்க’ என்றால் வைக்காதீர்கள். அதை மீட்பதற்கே தனியாகக் காசு செலவாகும்.

இனி உங்கள் மகன் விஷயம். அவன் முதலில் போக வேண்டிய இடம், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி அல்லது மேல்நிலைப் பள்ளி. மறுபடி 9ஆம் வகுப்பு. ஒரு வருடம் போகிறதே என்று நினைக்காதீர்கள்; 15 வயதுப் பையன் ஒன்பதாவதில் உட்காருவது ஊரில் புதிதல்ல.

டி.சி. பற்றி. “டி.சி. இல்லாமலே சேர்க்கணும், சட்டம் இருக்கு” என்று யாராவது உங்களிடம் சொல்லியிருக்கலாம். பாதிதான் சரி. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், டி.சி. வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. ஆனால் அது 8ஆம் வகுப்பு வரைக்கும்தான். இங்கேதான் எல்லாரும், தலைமை ஆசிரியர்கள் உட்பட, குழப்புகிறார்கள். “14 வயசு முடிஞ்சாச்சு, அந்தச் சட்டம் இவனுக்குக் கிடையாது” என்பார்கள். கணக்கு வயதை வைத்து மட்டும் அல்ல. ஆறாவதிலோ ஏழாவதிலோ நின்றுபோன பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும், விட்டுப்போன பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும், நடுவில் 14 தாண்டிவிட்டாலும் எட்டாவது முடியும்வரை இலவசமாகவே படிக்க வைக்க வேண்டும். சட்டத்தின் 4ஆம் பிரிவு இது. அப்படிச் சேர்ந்த பிள்ளைக்கு நடுவில் 15 வயது ஆகிவிட்டாலும் பேரை எடுக்க முடியாது. உங்கள் மகன் எட்டாவது முடித்தவன் என்பதால் இந்தப் பிரிவு அவனுக்கு உதவாது. ஆனால் உங்கள் தெருவில் ஆறாவதோடு நின்ற பிள்ளை யாராவது இருந்தால் இந்தப் பத்தியைக் கிழித்து அவர்கள் வீட்டில் கொடுங்கள்.

உங்களுக்கு உதவுவது வேறொன்று. கட்டண பாக்கியை வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது, பாக்கி இருக்கிறது என்று டி.சி.யில் எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லிவிட்டது. பள்ளிக்குப் பாக்கி வர வேண்டியிருந்தால் சட்டப்படி கேட்கட்டும், பிள்ளையின் காகிதத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. ஆகவே டி.சி. கேட்டு ஒரு பக்கத்தில் மனு எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு வசதியோடு பள்ளிக்கு அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 10 நாள் பாருங்கள். பதில் இல்லையென்றால் அதே மனுவின் நகலை மாவட்டக் கல்வி அலுவலரிடம் கொடுங்கள். அந்தப் பதவியில் இப்போது மாவட்டத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள்; ‘தனியார் பள்ளிகள்’ என்று அடைப்புக்குள் போட்டிருப்பவர்தான் உங்களுக்கு உரியவர். தவறான மேசையில் கொடுத்தால் அது அங்கேயே படுத்திருக்கும், உரிய இடத்துக்கு யாரும் நகர்த்தித் தரமாட்டார்கள். மனுவை வாங்கியதற்குச் சீல் போட்ட நகல் கையில் இல்லாமல் அந்த அறையை விட்டு வராதீர்கள்.

டி.சி. கைக்கு வந்ததும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்கின்றனவா? பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஏறப்போவது இதுதான். ஒரு எழுத்து தப்பினாலும் பின்னால் திருத்த அலைய வேண்டியிருக்கும்.

அடுத்து எமிஸ். பள்ளிக் கல்வித் துறையின் இந்த மின்பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் உண்டு. பழைய பள்ளி பையனை அங்கிருந்து விடுவித்தால் அவன் பெயர் ‘காமன் பூல்’ என்கிற பொதுப் பட்டியலுக்கு வரும். புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். பழைய பள்ளி விடுவிக்காமல் வைத்திருந்தால் புதிய பள்ளியின் கணினியில் பையன் ‘வேறு பள்ளியில் படிக்கிறான்’ என்றே காட்டும். அதாவது ஐந்து மாதமாகச் செல்போன் கடையில் நிற்கிற பையன், அரசாங்கக் கணக்கில் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான். இடைநின்றவர் எண்ணிக்கை குறைவாகத் தெரிவதற்கு இப்படிப்பட்ட பெயர்களும் ஒரு காரணம். “சிஸ்டம் ஏத்துக்கலம்மா” என்று உங்களைத் திருப்பி அனுப்பினால், வட்டார வள மையத்துக்குப் போங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார அலுவலகம் அது. ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கும். அங்குள்ள ஆசிரியர் பயிற்றுநர்களின் வேலைகளில் ஒன்றே, பள்ளி செல்லாப் பிள்ளைகளைக் கணக்கெடுத்துத் திரும்பச் சேர்ப்பது. பையன் பெயரை அந்தக் கணக்கெடுப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுதிவிட்டால் அவன் அவர்கள் பொறுப்பு, எமிஸ் சிக்கலை அவர்களே பேசி எடுத்துவிடுவார்கள். கல்வி சம்பந்தமான சந்தேகத்துக்கு 14417 என்ற எண் இருக்கிறது. சேர்க்கை நேரத்தைத் தாண்டிவிட்டால் தலைமை ஆசிரியர் “மேலிடத்தில் கேட்கணும்” என்பார். கேட்கட்டும், ஆனால் மனுவை வாங்கிக்கொண்டு கேட்கட்டும்.

சேர்ப்பது சுலபம். தங்க வைப்பதுதான் கஷ்டம். திரும்ப வந்த பிள்ளைகளில் பலர் முதல் மாதத்திலேயே மறுபடி நின்றுவிடுகிறார்கள். ‘அடங்காதவன்’, ‘செல்போன் பைத்தியம்’ என்று சொல்லிவிடுவோம். பெரும்பாலும் விஷயம் அதுவாக இருக்காது. ஒரு நாள் அவன் சும்மா இருக்கும்போது ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான் என்றால், ஒன்பதாவது அறிவியல் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு தினம் ஆறு மணி நேரம் உட்காருவது எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். இன்னொன்று, 57ஐ 8ஆல் வகுக்கச் சொல்லுங்கள். திணறினால் திட்டாதீர்கள், வகுப்பாசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் அடிப்படை இல்லாத 6 முதல் 9ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்காகவே ‘திறன்’ என்ற திட்டம் 2025-26இல் தொடங்கியது. அதில் அவனைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். முதல் மாதம் கடைசி பெஞ்ச் வேண்டாம், எல்லார் முன்னிலும் ‘ஏன் நின்றாய்’ என்ற விசாரணையும் வேண்டாம் என்றும் கேளுங்கள். பழைய பள்ளியில் அடியோ அவமானமோ காரணமாக இருந்தால், அதை உங்களிடம் சொல்லாமல் 1098 குழந்தைகள் உதவி எண்ணில் அவனே பேசலாம்.

பள்ளிக்கூடமே வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறானா? அப்போது ஐ.டி.ஐ. பாருங்கள். 8ஆம் வகுப்புத் தேர்ச்சிக்கே இடம் தரும் பிரிவுகள் உண்டு: வயர்மேன் 2 ஆண்டு, வெல்டர் 1 ஆண்டு. வயது 14 ஆகியிருந்தால் போதும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. செல்போனைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த பையனுக்கு வயர்மேன் பிரிவு கை வந்துவிடும். 2 ஆண்டுப் பிரிவை எடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எட்டாவது முடித்து 2 ஆண்டு ஐ.டி.ஐ. தேறியவர், பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணையான சான்றிதழ் தமிழ்நாட்டில் கிடைக்கும். கணக்கு, அறிவியலுக்குப் பயந்து ஓடியவனுக்கு இதைவிட நல்ல பாதை தெரியவில்லை. இதை எந்த டுடோரியல்காரரும் உங்களிடம் சொல்லமாட்டார்.

வேலையை விடவே முடியாத நிலை என்றால்தான் வீட்டிலிருந்து எழுதும் வழிகள். தனித்தேர்வராகப் பத்தாவது எழுத 14½ வயது முடிந்திருக்க வேண்டும். இதில் பலர் விழும் பள்ளம் அறிவியல் செய்முறை. தேர்வுக்குப் பல மாதம் முன்பே மாவட்டக் கல்வி அலுவலகத்தில் பதிந்து, ஒதுக்கிய பள்ளியில் பயிற்சி வகுப்புக்குப் போய், 80 சதவீத வருகை காட்ட வேண்டும். அதைத் தவறவிட்டவர் அந்த வருடம் அறிவியலை மறந்துவிட வேண்டியதுதான். என்.ஐ.ஓ.எஸ். என்றால் 14 வயது போதும், குறைந்தது 5 பாடம், தமிழிலேயே எழுதலாம், ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு, முடிக்க 5 ஆண்டு அவகாசம். எட்டாவது முடித்த சான்றிதழ் இல்லாதவர்களிடம் சுய உறுதிமொழியை ஏற்கிறார்கள். ஆகவே ‘எட்டாவது சர்டிஃபிகேட் நாங்களே ரெடி பண்றோம்’ என்பவர் தேவையில்லாத மோசடிக்கு உங்களை உள்ளே இழுக்கிறார். விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் உங்கள் செல்போன் எண்ணைக் கொடுத்து நீங்களே போடுங்கள். மொழிப் பாடத்தில் தமிழை எடுக்கச் சொல்லுங்கள்.

தொண்டு நிறுவனங்களும் உண்டு. மாலை நேர வகுப்பு, வீடு தேடி வந்து பேசுவது, அலுவலகத்துக்குக் கூட வருவது என்று நல்லவர்கள் செய்யும் வேலையைத் துறை ஆட்களால் செய்ய முடிவதில்லை. அவர்களுக்கு அறிக்கை நிரப்பவே நேரம் போகிறது. ஆனால் ‘இலவச விடுதி, இலவசப் படிப்பு, பையனை அனுப்புங்க’ என்று வெளியூருக்குக் கூப்பிட்டால் ஒரே கேள்வி கேளுங்கள்: விடுதி பதிவு பெற்றதா? தமிழ்நாட்டில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளும் இல்லங்களும் பதிவு செய்திருக்க வேண்டும். உறுதி செய்ய மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரிக்கலாம். ஆட்சியர் வளாகத்தில் கேட்டால் இடம் காட்டுவார்கள்.

கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் அவருக்கு இது தெரிந்திருக்கட்டும்: 14 முதல் 18 வயதுக்குள் இருப்பவரை ஓய்வையும் சேர்த்து நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே வாங்கக் கூடாது. காலை பத்துக்குப் போய் இரவு ஒன்பதரைக்கு வருகிற பையன் எந்தப் புத்தகத்தையும் திறக்கமாட்டான். சேர்க்கை முடியும்வரை மதியத்தோடு அனுப்பிவிடச் சொல்லுங்கள்.

வரும் திங்கட்கிழமை காலை 10 மணிக்குள் தலைமை ஆசிரியர் அறையில் இருங்கள். கையில் பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் ஆகியவற்றின் நகல், பழைய பள்ளியின் ஏதாவது ஒரு முன்னேற்ற அட்டை (எமிஸ் எண் அதில் இருந்தால் நல்லது), டி.சி. கேட்டு அனுப்பிய மனுவின் அஞ்சல் ரசீது, நான்கு போட்டோ. பையனையும் கூட்டிப் போங்கள். கேள்விகளை அவனிடமே கேட்க விடுங்கள், நீங்கள் பதில் சொல்லாதீர்கள்.