உயிரியல் படிக்கக் கடன் வாங்கலாமா? ஆரம்பச் சம்பளத்தில் அடைக்க முடியுமா?

உயிரியல் இளநிலைப் பட்டத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, படித்து முடிக்கும்போது கடன் பாக்கி முதல் வருடச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும், சேரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடன் வாங்கி அதே படிப்பைப் படித்து, அடைத்தும் முடித்தவள் நான். படிப்பு சரி. அந்த இரண்டு மடங்குதான் சரியில்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். ஆண்டு வட்டி 10%, மூன்று வருடப் படிப்பு, ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் 100 என்று மொத்தம் 300 வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். படிக்கும் காலத்தில் வட்டி கட்டாமல் விட்டால் அது வருடா வருடம் அசலோடு சேரும். பட்டம் வாங்கும்போது பாக்கி 364 ஆகியிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதத் தவணை 4.81. முதல் தவணையில் 3.03 வட்டிக்கே போய்விடும், அசலில் குறைவது 1.78தான். முடிக்கும்போது மொத்தம் 577 கட்டியிருப்பீர்கள். ஐந்து வருடத்தில் முடித்தால் 464 போதும், ஆனால் மாதம் 7.74 எடுத்து வைக்க வேண்டும்.

இதையே சம்பளத்தோடு பொருத்திப் பாருங்கள். பாக்கி ஒரு வருடச் சம்பளத்துக்குச் சமம் என்றால், பத்து வருடத் தவணை மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய 16%. உங்கள் இரண்டு மடங்குக்கு அது 32%. மூன்றில் ஒரு பங்கு போன பிறகு வாடகை கொடுத்து வாழ வேண்டும்.

இந்தக் கணக்கு எந்தப் படிப்புக்கும் பொருந்தும். உயிரியலில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. நுண்ணுயிரியல் லேபில் பாக்டீரியா வளர்ச்சிக் கோடு வரையச் சொல்வார்கள். ஆரம்பத்தில் லேக் ஃபேஸ், கோடு தரையோடு கிடக்கும், ஏறுவது அப்புறம்தான். நம் சம்பளமும் அப்படித்தான். வட்டிக்கு லேக் ஃபேஸ் கிடையாது. வெறும் இளநிலைப் பட்டத்தோடு கிடைப்பது பெரும்பாலும் லேப் டெக்னீஷியன், தரக் கட்டுப்பாடு, கருவி விற்பனை மாதிரியான வேலைகள். சொந்தமாக ஆராய்ச்சி நடத்தும் பொறுப்பெல்லாம் பொதுவாக முனைவர் பட்டத்துக்குப் பிறகு.

நான் சேர்ந்தது ஒரு மருந்துத் தொழிற்சாலையின் தரக் கட்டுப்பாட்டு லேபில். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) 121 டிகிரியில் மீடியாவை, அதாவது பாக்டீரியா வளர்க்கும் ஊட்டக் கலவையை, ஏற்றி இறக்குவது, பெட்ரி தட்டில் ஊற்றுவது, வளர்ந்த காலனிகளை எண்ணுவது. (வேலை எனக்குப் பிடித்திருந்தது, அது வேறு விஷயம்.) தவணை சம்பளத்தில் கால் பங்கைத் தின்றது. அதைக்கூடச் சமாளித்தேன். எட்டாவது மாதம் ஓர் ஆராய்ச்சிக் குழுவில் இரண்டு வருட உதவியாளர் இடம் வந்தது. மரபணுத் தரவோடு வேலை, ஆய்வுக் கட்டுரையில் பெயர் வரலாம், அங்கிருந்து முனைவர் படிப்புக்குப் போவதும் சுலபம். சம்பளம் மட்டும் நான் வாங்கிக்கொண்டிருந்ததில் பாதி. தவணையைக் கழித்தால் வாடகைக்கே போதவில்லை. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இந்தத் துறையில் மேலே கொண்டுபோகும் முதல் படிதான் பல சமயம் மிகக் குறைவாகச் சம்பளம் தருகிறது, கடன் வாங்கியவருக்கு அதில் கால் வைக்க வழியில்லை. எந்த வட்டிக் கணக்கிலும் இந்த நஷ்டம் தெரியாது.

முனைவர் படிப்புக்குத்தான் பல இடங்களில் உதவித்தொகை தருகிறார்களே என்பார்கள். புதுக் கடன் வேண்டாம், உண்மைதான். பழையது? தவணையை ஒத்திவைத்துவிட்டு வட்டி மட்டும் ஓடினால், அந்த 364 ஐந்து வருடத்தில் 586 ஆகும். ஒத்திவைத்த காலத்துக்கு வட்டி சேருமா என்று கடன் ஒப்பந்தத்தில் தேடிப் படித்துவிடுங்கள்.

கல்லூரியின் பெயருக்காகக் கூடுதல் கடன் வாங்க வேண்டாம். செல் சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுக்கும் கிளைக்காலிசிஸில் எங்கே படித்தாலும் பத்துப் படிகள்தான். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் லேப், டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் பிசிஆர் கருவியில் மாணவர்களே கை வைப்பார்களா, இல்லை ஒருவர் செய்ய மற்றவர்கள் எட்டிப் பார்ப்பார்களா என்று விசாரியுங்கள். சராசரிச் சம்பளம் சொன்னால், வரிசையில் நடுவில் நிற்பவர் வாங்குவது எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். நல்ல வேலைக்குப் போன இரண்டு பேரே சராசரியைத் தூக்கிவிடுவார்கள்.

எனக்குக் கை கொடுத்தது புள்ளியியல். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து புள்ளியியலுக்கான ஆர் (R) என்ற கணினி மொழி பழகினேன். மூன்றாவது வருடம் புது மருந்துச் சோதனைகளின் தரவைக் கையாளும் வேலைக்கு மாறினேன், கோடு அப்போதுதான் ஏறத் தொடங்கியது. கல்லூரியில் இருந்தபோதே இதைக் காசில்லாமல் கற்றிருக்கலாம்.

பாக்கி முதல் வருடச் சம்பளத்தைத் தாண்டாத இடம் கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். கொஞ்சம் தாண்டினால், படிக்கும்போதே வட்டியையாவது கட்ட முடியுமா என்று வீட்டில் பேசுங்கள்: மேலே சொன்ன கணக்கில் மூன்று வருடத்துக்கும் சேர்த்து 60 கட்டினால் பாக்கி 300லேயே நிற்கும், தவணையும் 3.96க்கு இறங்கும். இரண்டு மடங்குதான் என்றால், ஒரு வருடம் பொறுத்துக் கட்டணம் குறைந்த இடத்துக்கு விண்ணப்பிப்பேன். அன்று எனக்கு அந்தப் பொறுமை இல்லை. அடைத்து முடிக்க ஒன்பது வருடம் ஆனது.