இரண்டு நிறக் கோடைக்கால குரோஷே டாப்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என ஒரே அளவில் இரண்டு செவ்வகங்கள். தோளிலும் பக்கவாட்டிலும் தையல், கழுத்துக்கும் கைக்கும் விட்ட இடைவெளி. டாப் இவ்வளவுதான். பருத்தி நூல், இரண்டு நிறத்தில் கோடுகள். பின்னல் குரோஷே, அதாவது நுனியில் கொக்கி உள்ள ஒரே ஊசியால் பின்னுவது; முழுக்க ஹாஃப் டபுள் குரோஷே என்ற ஸ்டிச். ஸ்டிச் பெயர்களை அமெரிக்க முறையில் சொல்கிறேன்; பிரிட்டிஷ் குறிப்பு பார்ப்பவர்களுக்கு இதே ஸ்டிச் ஹாஃப் ட்ரெபிள்.

கேள்வி: அக்கா, என் மார்புச் சுற்றளவு 92 செ.மீ. எத்தனை சங்கிலி (அடிவரிசைக் கண்ணி) போட்டு ஆரம்பிக்க வேண்டும்?

பதில்: உடம்பின் அளவு தெரிகிறது, உங்கள் கையின் அளவு இன்னும் தெரியவில்லை. அதே நூல், அதே ஊசி கொடுத்தாலும் இரண்டு பேர் ஒரே அளவில் பின்ன மாட்டார்கள். அதனால் முதலில் 15 செ.மீ. சதுரத்துக்கு ஒரு மாதிரித் துண்டு. அதை டாப்பைத் துவைக்கப்போகும் விதத்திலேயே துவைத்துக் காயவையுங்கள். பிறகு ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் 10 செ.மீ.க்குள் எத்தனை ஸ்டிச், எத்தனை வரிசை என்று எண்ணுங்கள்.

10 செ.மீ.க்கு 18 ஸ்டிச் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 92-உடன் தளர்ச்சிக்கு 4 சேர்த்தால் 96, ஒரு பக்கத்துக்கு 48 செ.மீ. 48 × 1.8 = 86 ஸ்டிச். வரிசை திரும்புவதற்கு 2 சேர்த்து 88 சங்கிலி போட்டு, ஊசியிலிருந்து மூன்றாவது சங்கிலியில் முதல் ஸ்டிச். தைக்கும்போது ஓர ஸ்டிச்சை உள்ளே மடக்குகிற பழக்கம் இருந்தால் பக்கத்துக்கு ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு ஸ்டிச் முன்னே பின்னே இருந்தால் என்ன என்று நினைக்காதீர்கள். 18 வரவேண்டிய இடத்தில் 17 வந்தால், அதே 86 ஸ்டிச் 50.6 செ.மீ. ஆகிவிடும். இரண்டு பக்கமும் சேர்ந்து 101 செ.மீ.! அளவான டாப் தொளதொளவென்று ஆவது இப்படித்தான்.

கேள்வி: எவ்வளவு நூல் வாங்குவது?

பதில்: மாதிரித் துண்டை எடை போடுங்கள். 15 × 15 என்றால் 225 சதுர செ.மீ.; எடை 9 கிராம் என்று வைப்போம். டாப்பின் ஒரு பக்கம் 48 × 52, இரண்டும் சேர்ந்து 4,992 சதுர செ.மீ. அதை 225-ஆல் வகுத்து 9-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 200 கிராம். தையல், ஓரம், பிரித்துப் பின்னுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 230 வாங்குங்கள். எந்த நிறத்துக்கு எத்தனை வரிசையோ அந்த விகிதத்தில் பிரித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நிறத்துக்கும் சாய எண் (ஒரே தடவையில் சாயம் போட்ட நூலுக்குத் தரும் எண்) ஒன்றாக இருக்கும் உருண்டைகளாகப் பார்த்து ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.

கேள்வி: நிறம் மாற்றும் இடத்தில் பழைய நிறம் ஒரு புள்ளியாக எட்டிப்பார்க்கிறது. ஏன்?

பதில்: ஒரு ஸ்டிச் முழுதாக முடிந்த பிறகு மாற்றுகிறீர்கள். வரிசையின் கடைசி ஹாஃப் டபுளில் ஊசியில் மூன்று கண்ணி இருக்கும்போதே பழைய நூலை விட்டுவிட்டு, புது நிறத்தை எடுத்து மூன்றிலும் இழுங்கள். அடுத்த வரிசைக்கான கண்ணி புது நிறத்திலேயே வந்து நிற்கும்.

கோடுகளை இரட்டைப்படை வரிசைகளில் வையுங்கள். இரண்டு வரிசை, நாலு வரிசை என்றால் இரண்டு நூலும் ஒரே ஓரத்தில் இருக்கும், வெட்டாமல் மேலே கொண்டுபோகலாம். ஒற்றைப்படையில் நூல் எதிர் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு கோட்டுக்கும் வெட்டி, பின்னால் நாற்பது நுனிகளைச் சொருக வேண்டியிருக்கும். மேலே கொண்டுபோகும் நூலை இறுக்கி இழுக்க வேண்டாம். பருத்திக்கு மீள்தன்மை குறைவு, அந்த ஓரம் மட்டும் சுருங்கி டாப் ஒருபக்கம் தூக்கிக்கொள்ளும்.

கேள்வி: செவ்வகமாக ஆரம்பித்தது போகப்போக ஒடுங்கிக்கொண்டே போகிறது.

பதில்: ஓரத்தில் ஸ்டிச் விட்டுப்போகிறது. முதல் ஸ்டிச்சிலும் கடைசி ஸ்டிச்சிலும் நிறம் வேறான ஒரு துண்டு நூலை அடையாளமாக மாட்டுங்கள், வரிசைதோறும் மேலே நகர்த்துங்கள். எண்ணிக்கை 86 தானா என்று ஒவ்வொரு வரிசையிலும் பாருங்கள்.

கேள்வி: மீடியம் சைஸுக்கு எத்தனை சங்கிலி?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். மாதிரித் துண்டு, துவையல், அப்புறம் கணக்கு.

கேள்வி: நான் பல வருடமாகப் பின்னுகிறேன், மாதிரித் துண்டு போட்டதே இல்லை. மேலிருந்து கீழே பின்னி அவ்வப்போது போட்டுப் பார்த்தால் போதுமே. புதியவர்களை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

பதில்: கழுத்திலிருந்து கீழே இறங்கும் வட்டப் பின்னலுக்கு உங்கள் வழி நல்ல வழி. அகலத்தை உடனே பார்க்கலாம், நீளம் கூடினால் கீழ் ஓரத்தைப் பிரிக்கலாம். ஆனால் பாதியில் போட்டுப் பார்க்கும்போது உங்கள் தோளில் பாதி எடைதான் இருக்கிறது. கீழே இன்னும் நூறு கிராம் சேர்ந்தபிறகு கைக்குழி கீழே இழுபடும், அதைக் கீழ் ஓரத்தைப் பிரித்துச் சரிசெய்ய முடியாது. கம்பளியில் இவ்வளவு தெரியாது, அது திரும்பச் சுருங்கும். பருத்தி தொங்கினால் தொங்கியதுதான்.

அவரே மறுபடியும்: அப்படியென்றால் 9 கிராம் துண்டு 230 கிராம் டாப்பின் தொங்கலை எப்படிக் காட்டும்?

பதில்: அருமையான கேள்வி. துண்டை அப்படியே தொங்கவிட்டால் காட்டாது, அதனால் எடை கட்டித்தான் தொங்கவிட வேண்டும். எவ்வளவு எடை? டாப்பின் ஒரு பக்கம் 115 கிராம், அகலம் 48 செ.மீ. 15 செ.மீ. அகலத் துண்டுக்கு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 36 கிராம். இது தோள் பக்கத்தில் வரும் சுமை. கீழே போகப்போகக் குறைந்து ஓரத்தில் ஒன்றுமே இல்லாமல் போகும். நடுவே எடுத்தால் 18 கிராம். அந்த எடைக்குத் துணிக் கிளிப்களைத் தராசில் வைத்துப் பார்த்து, துண்டின் அடி ஓரத்தில் சீராக மாட்டி ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் தொங்கிய நிலையிலேயே வரிசைகளை எண்ணுங்கள்.

தரையில் கிடந்தபோது 10 செ.மீ.க்கு 13 வரிசை இருந்தது தொங்கும்போது 12 ஆகலாம். 50 செ.மீ. நீளத்துக்கு 65 வரிசை பின்னியிருந்தால் போட்டுக்கொள்ளும்போது அது 54 செ.மீ.! 60 வரிசை பின்னியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

வேறொருவர்: இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு யோசனை. பின்பக்கத்தையே முதலில் பின்னி, அதையே மாதிரியாக வைத்துக்கொண்டால்?

பதில்: செய்யலாம், துண்டு பின்னப் பொறுமை இல்லாதவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். 15 செ.மீ. உயரம் வந்ததும் ஊசியை எடுத்துவிட்டு, கண்ணியைப் பூட்டி, நனைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். அகலம் சரியாக இருந்தால் தொடருங்கள், இல்லையென்றால் பிரியுங்கள். நஷ்டம் 15 செ.மீ. தான். துவைக்காமல் அளக்க மட்டும் வேண்டாம், அதில் நான் இறங்கிவர மாட்டேன்.

முதலில் மறுத்தவர்: சரி, கைக்குழி விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். மற்றபடி போட்டுப் பார்ப்பதே சிறந்தது.

பதில்: இரண்டையும் செய்கிறவர் டாப்தான் நன்றாக உட்காரும். நீங்கள் கைக்குழியை 2 செ.மீ. குறைவாக விட்டுப் பாருங்கள், எடை மீதியைச் செய்துவிடும்.

கேள்வி: எனக்கு மார்பு பெரிது. எந்த டாப் பின்னினாலும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

பதில்: செவ்வக டாப்பைச் சொல்லித்தருகிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகிற விஷயம் இது. சுற்றளவைக் கூட்டினால் தீராது, ஏனென்றால் குறைவது நீளம்.

தோளின் உச்சியிலிருந்து மார்பின் மேலாக இடுப்பு வரை அளங்கள். முதுகுப்பக்கம் அதே தோளிலிருந்து அதே இடுப்புக்கோடு வரை அளங்கள். வித்தியாசம் 3 அல்லது 4 செ.மீ. இருந்தால் முன்பக்கத்தில் மட்டும் நாலு குறுகிய வரிசை சேர்க்க வேண்டும். கீழிருந்து மேலே பின்னிக்கொண்டு வந்து, மார்பின் உச்சிக்கு 2, 3 செ.மீ. கீழே நிறுத்துங்கள். அடுத்த வரிசையில் ஓரத்துக்கு 12 ஸ்டிச் முன்னதாகவே திரும்பிவிடுங்கள். மறுபக்கமும் 12 முன்னதாகத் திரும்புங்கள். அடுத்த இரண்டில் 18 முன்னதாக. பிறகு வழக்கம்போல ஓரம் வரை முழு வரிசை. படி தெரியாமல் இருக்க, குறுகிய வரிசை ஒவ்வொன்றின் கடைசி ஸ்டிச்சை மட்டும் உயரம் குறைந்த சிங்கிள் குரோஷேயாகப் போடுங்கள். இந்த நாலு வரிசையும் ஒரே நிறக் கோட்டுக்குள் அடங்க வேண்டும், கோடு மாறும் இடத்தில் செய்தால் பட்டை வளைந்து தெரியும். பக்கவாட்டு ஓரத்தில் உயரம் கூடாததால் பின்பக்கத்தோடு தைக்கும்போது வரிசைக்கு வரிசை பொருந்தும்.

மேல் மார்புச் சுற்றளவுக்கும் (அக்குளை ஒட்டி, மார்புக்கு மேலே அளப்பது) முழு மார்புச் சுற்றளவுக்கும் 10 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் முன்பக்கத்தை அகலமாகவும் பின்பக்கத்தை அதற்கேற்பக் குறைத்தும் பின்னுங்கள். இரண்டும் சமமாக இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கேள்வி: அடர் சிவப்பும் வெள்ளையும் எடுத்திருக்கிறேன். சாயம் இறங்குமா?

பதில்: இறங்கலாம். இரண்டு நிறமும் சேர்ந்த மாதிரித் துண்டை நனைத்து, வெள்ளைத் துணிக்கு நடுவில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை தெரிந்தால் வேறு சிவப்பு. டாப் முடிந்தபிறகு வெள்ளைக் கோடு ரோஜா நிறமானால் மீட்பது கடினம். பார்த்தீர்களா, இங்கேயும் அந்தத் துண்டுதான் காப்பாற்றுகிறது.

கேள்வி: எக்ஸ்.எல். சைஸுக்கு எத்தனை சங்கிலி போடணும் மேடம்?

பதில்: முதல் பதில்.

கேள்வி: இதே டாப்பை இரண்டு ஊசி நிட்டிங்கில் செய்ய முடியுமா?

பதில்: நிட்டிங் துணி வேறு விதமாக இழுபடும், என் கணக்கு அதற்குச் செல்லாது. நிட்டிங் தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

கேள்வி: கழுத்து அகலமாகி தோளிலிருந்து நழுவுகிறது. முழுவதும் பிரிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அரை மி.மீ. சிறிய ஊசியால் கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று சிங்கிள் குரோஷே போடுங்கள், பத்து ஸ்டிச்சுக்கு ஒன்றைக் குறைத்துக்கொண்டே. போதவில்லை என்றால் தோள் தையலை இரண்டு பக்கமும் கழுத்தை நோக்கி 2 செ.மீ. நீட்டுங்கள். முழு எடையும் தொங்குவது தோளில்தான், அந்தத் தையலை இரட்டை நூலில் போடுங்கள்.

கேள்வி: உள்ளே போட்டிருப்பது தெரிகிறது.

பதில்: 4 மி.மீ. ஊசியை 3.5 ஆக்குங்கள். ஸ்டிச் அடர்த்தியாகும், எண்ணிக்கையும் மாறும். ஆகவே புது மாதிரித் துண்டு!

கேள்வி: துவைத்த பிறகு எப்படிக் காயவைப்பது?

பதில்: கொடியில் போடாதீர்கள், ஈரப் பருத்தியின் எடை டாப்பை முழங்கால் பக்கம் கொண்டுபோய்விடும். குளியல் டவலில் சுருட்டி நீரை ஒற்றி எடுத்து, தட்டையாக விரித்து, கோடுகள் நேராக இருக்கும்படி கையால் தடவிவிட்டுக் காயவையுங்கள். மடித்து அடுக்குங்கள், ஹேங்கரில் மாட்ட வேண்டாம்.