நீண்ட வண்டி, குறுகிய தொட்டி

கேள்வி: அமெரிக்க பிக்கப் வண்டிகள் மேன்மேலும் பெரிதாகின்றன, பின்னால் உள்ள சரக்குத் தொட்டி மட்டும் சிறுத்திருப்பது ஏன்?
– வாசகர், திருச்சி

பதில்: தங்கள் கண் தங்களை ஏமாற்றவில்லை. 1925-இல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காரின் பின்புறம் பொருத்தி விற்ற தொட்டி ஐந்தடியைக்கூட எட்டவில்லை. பிற்காலத்தில், 4 அடி அகலமும் 8 அடி நீளமும் கொண்ட பிளைவுட் பலகையைப் படுக்கவைத்துப் பின்கதவைச் சாத்தக்கூடிய 8 அடித் தொட்டியே முழு அளவாகக் கருதப்பட்டது. 1957-இல் ஃபோர்டும் 1958-இல் செவ்ரோலெட்டும் பக்கச்சுவர்களைச் சக்கரங்களுக்கு வெளியே தள்ளி அமைத்த மாதிரிகளைக் கொண்டுவந்ததால், உள் அகலமும் கூடிற்று.

பின்னர், வேலைக்காக வாங்கிய வண்டியிலேயே பிள்ளைகளைப் பள்ளிக்கும் அழைத்துச் செல்லக் குடும்பங்கள் விரும்பியதால், நான்கு கதவுகளும் பின்னிருக்கையும் வந்தன. வண்டியை ஓரளவுக்கு மேல் நீட்ட முடியாதாகையால், அவை தொட்டியின் இடத்தைத் தின்றன. இன்றைய நான்கு கதவு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் வண்டியில் பரவலாகக் காணப்படுவது ஐந்தரை அடித் தொட்டிதான். அதே பிளைவுட் பலகையை அதில் ஏற்றினால், பின்கதவைத் திறந்து கிடத்திய பிறகும் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். (தச்சரைக் கேட்டால் இதை முன்னேற்றம் என்று சொல்லமாட்டார்.) 8 அடித் தொட்டி ஒழிந்துவிடவில்லை, பின்னிருக்கையின் வசதியைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிப்பவர்களுக்கு அது இன்றும் கிடைக்கிறது.